மூன்றில் ஒரு பங்குக்கு எத்தனை நூல்

என் மகள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அவளுடைய கணக்கு டீச்சர் ஒரு தண்டனையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வீட்டுப்பாடத்தில் ஒரே ஒரு கணக்கு தப்பினாலும் அந்தப் பிள்ளை அன்று முழுக்க நாலாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும். மற்றவர்களுக்கு அது வெறும் அவமானம். என் மகளுக்கு அதைவிட மோசம். நாலாம் வகுப்பில் அவள் தம்பி இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து பின்னக் கணக்குகளோடு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுமே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, நாளைக்கு எம் பெஞ்சுல சன்னலோரமா எடம் போட்டு வெக்கறேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. எனக்கோ ஒரே உற்சாகம். அப்போது நாங்கள் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்தோம். தொழிற்பேட்டையில் நான் ஃபிட்டர். கால் அங்குலம், அரை அங்குலம் என்று ஸ்பேனர்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே எடுத்துவிடுவேன். பின்னத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்க இனி ஒருத்தர் பிறந்து வரவேண்டும் என்கிற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

"டீச்சர் சொன்னதெல்லாம் மறந்துடு. எங்க பட்டறை அளவுல ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். எல்லாத்தையும் நூலா மாத்திக்கோ," என்றேன்.

முக்கால் மீட்டர் துணியில் எட்டில் ஒரு பங்கு மீட்டரை வெட்டினால் மீதி எவ்வளவு என்றது முதல் கணக்கு. ஆறு நூலில் ஒரு நூல் போனால் ஐந்து நூல், எட்டில் ஐந்து. மீட்டர் துணிக்குள் அங்குலத்து நூல் எப்படி நுழைந்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விடை சரியாக வந்தது. அடுத்த இரண்டும் அப்படியே முடிந்தன. நான் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

நாலாவது கணக்கில் ஒரு விவசாயி வந்தார். தன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கில் ராகியும், நான்கில் ஒரு பங்கில் அவரைக்காயும் போட்டார். மீதி நிலம் எவ்வளவு?

"மூணுல ஒரு பங்குக்கு எத்தினி நூலுப்பா?"

நீட்டிய காலை மடக்கினேன். எட்டை மூன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் பிரித்தாலும் இடித்தது.

"ரெண்டே முக்கால் நூலுக்குக் கொஞ்சம் கம்மி," என்றேன்.

"கொஞ்சம் கம்மின்னு எழுதலாமாப்பா?"

"மூணுல ஒண்ணுன்னு எந்த ஸ்பேனரும் கெடையாது. கணக்கே தப்பு."

ராகி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி வேப்பனப்பள்ளி விவசாயக் குடும்பத்துப் பெண். "கணக்கு கெடக்கட்டும். பாதி நெலத்துக்கிட்ட சும்மா போட்டு வெச்சிருக்கானே, அவன் என்ன விவசாயி?" என்றாள். பையன் தன் பைக்கட்டை நகர்த்தி, சன்னலோரம் இடம் விடுவது எப்படி என்று நடித்துக் காட்டினான்.

மகள் பென்சிலைக் கடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உன் கம்பெனியில ஒரு நாளைக்கு மூணு ஷிப்ட்டுதானப்பா? அப்ப ஒரு ஷிப்ட்டுதான் மூணுல ஒண்ணு."

இருபத்து நாலு மணி நேரத்தில் ஒரு ஷிப்ட் எட்டு மணி. நான்கில் ஒரு பங்கு ஆறு மணி. பதினாலு போக மீதி பத்து. சுருக்கி, பன்னிரண்டில் ஐந்து என்று அவளே எழுதினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த யோசனை எனக்கு வரவில்லையே என்று கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

ஐந்தாவது, சொந்தமாக ஒரு கணக்கு எழுதி விடை காண வேண்டும். இதற்கு அவள் என்னை அண்டவிடவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதி முடித்து நோட்டை நீட்டினாள்.

'என் அப்பா ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்கிறார். ஆறில் ஒரு பங்கு ஓவர்டைம் செய்கிறார். மூன்றில் ஒரு பங்கு தூங்குகிறார். எட்டில் ஒரு பங்கு டீக்கடையில் இருக்கிறார். வீட்டில் எங்களோடு இருப்பது எவ்வளவு? விடை: இருபத்து நாலில் ஒரு பங்கு.'

"டீக்கடையில மூணு மணி நேரமா? யாரு சொன்னா?" என்று குதித்தேன்.

"கம்மியாத்தான் போட்டிருக்குது," என்றாள் மனைவி. "அந்த ஒரு மணி நேரத்துலதான் உங்க குளியலு, சாப்பாடு எல்லாம் வருது."

"தப்புன்னா சொல்லுப்பா, அழிச்சிடறேன்," என்று மகள் ரப்பரை எடுத்தாள். "தப்பா இருந்தா நான் நாலாங்கிளாசுக்குப் போவணும்."

எட்டும் நாலும் பன்னிரண்டு. அதோடு எட்டு, இருபது. அதோடு மூன்று. விரல் விட்டு இரண்டு தரம் எண்ணினேன். இரண்டு தரமும் மீதி ஒன்றுதான் வந்தது.

"சரியாத்தாம்மா இருக்குது," என்றேன்.

மறுநாள் அவள் நாலாம் வகுப்புக்குப் போகவில்லை. ஐந்தாவது கணக்கு டீச்சருக்கு ரொம்பப் பிடித்துப்போய், அதைக் கரும்பலகையில் எழுதி வகுப்பு முழுவதையும் போடச் சொன்னாராம். நாற்பது பிள்ளைகளும் போட்டார்களாம். ஒருத்தருக்குக்கூட விடை தப்பவில்லையாம்.