கல்குலேட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

இதை எழுதுவோமா விடுவோமா என்று யோசித்தே பல வருடங்கள் போய்விட்டன. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எழுதினால் யார் வாசிப்பார்கள் என்பது ஒன்று. கோயிலுக்குப் போய்வருகிற மனிதன் விளையாட்டுக்கு எண் போட்டானாம் என்றால் சூதாட்டம் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம் மற்றது. அம்பாள் அறிய, ஒரு சதம்கூடப் பந்தயம் வைத்ததில்லை. ஆனால் நான் வாய் திறக்காமல் இருந்ததால் கதை வேறு விதமாகக் கோயில் மண்டபத்தில் உலாவுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எண்பத்து நான்கில் கனடாவில் ரொறொன்ரோவுக்கு வந்தேன். வோபர்னில் வீடு. ஒரு பஸ் எடுத்தால் வேலை, அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை. எங்களை மேற்பார்வை பார்த்த போமன் ஒரு வெள்ளைக்காரர், மனைவியை இழந்தவர். ஒரே மகன் வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு அதன் புட்போல் அணியில் விளையாடினான். சனிக்கிழமைகளில் தகப்பன் கார் ஓட்டிப்போய் ஆட்டம் பார்ப்பார். முடிந்ததும் இருவரும் எங்காவது இருந்து சாப்பிடுவார்கள். தாய் போனபின் இருவரும் முகம் பார்த்துப் பேசுவது அந்த ஒரு நாள்தான் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

புட்போல் என்று பெயர்தான், காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் விழுந்து மறிப்பார்கள். சாப்பாட்டு அறையில் உப்புப் போத்தலையும் சோஸ் போத்தலையும் நகர்த்தி நகர்த்தி போமன் எனக்குப் படிப்பித்தார். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. குறி பார்த்து உதைத்த பந்து தப்பிப் போனாலும், எதிராளிகள் அதைத் தங்கள் எல்லைக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர முடியாவிட்டால், உதைத்தவர்களுக்கு ஒரு புள்ளி உண்டு. குறி தப்பினவனுக்கும் ஒரு புள்ளி கொடுக்கிற தேசம் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

"அப்ப எங்களுக்கும் ஒண்டு தருவினம்" என்றாள் மனைவி.

போமனின் மகன் ஆடிய பிரிவில் எட்டு அணிகள். எது பலமானது என்று சாப்பாட்டு அறையில் ஓயாத வாக்குவாதம். கூட ஆட்டம் வென்றதுதான் பலம் என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடிப்பது வழக்கம். ஒருவர் தேங்காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தன் தேங்காயால் அடிப்பார், உடைந்தது தோற்றது. சும்மா தேங்காய்கள் பத்தை உடைத்த தேங்காயைவிட, நல்ல வைரமான ஒன்றோடு கடைசிவரை நின்று உடைந்த தேங்காய் திறம் என்பது அடித்தவனுக்குத் தெரியும். எத்தனையை உடைத்தது என்று மட்டும் பார்த்தால் போதாது, எதை உடைத்தது, எதனிடம் உடைந்தது என்றும் பார்க்கவேண்டும்.

அதையே எண்ணாக்கினேன். முதலில் எல்லா அணிக்கும் நூறு. பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரணியின் எண்ணை எடுத்து, வென்றால் புள்ளி வித்தியாசத்தைக் கூட்டி, தோற்றால் கழித்து, எல்லாவற்றுக்கும் சராசரி பார்த்தால் அதுதான் அந்த அணியின் புது எண். எட்டுக்கும் எண் மாறியதும் எதிரணிகளின் எண்ணும் மாறிவிடுகிறதே, அதனால் திரும்ப முதலிலிருந்து. கோயில் வீதியைச் சுற்றுவது போலத்தான். சுற்றச் சுற்ற மனம் அடங்குகிற மாதிரி எண்களும் ஆடி ஆடி ஓரிடத்தில் நின்றுவிடும்.

பக்கத்து மெசினில் நின்ற மட்டக்களப்பு நண்பர் எட்டிப் பார்த்தார். "என்னகா மச்சான், பந்துக்கும் சாதகம் எழுதுறியோ?"

திங்கட்கிழமைகளில் அந்தத் தாளைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினேன். ஆட்கள் அதன் முன்னால் நின்று சண்டை பிடிப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். இதை வைத்துப் பந்தயம் கட்டினால் அன்றோடு நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். மதித்தார்கள்.

எண்பத்தாறில் போமனின் மகனுடைய அணி அக்டோபர் வரை ஆடின ஆட்டமெல்லாம் தோற்றது. கடைசி அணி இதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் நம்பிவிட்டான். அக்டோபர் நீண்ட விடுமுறைக்கு வீட்டுக்கு வருவதாகவும், திரும்பிப் போனதும் அணியிலிருந்து விலகுவதாகவும் தகப்பனுக்குச் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை போமன் என் மெசினடிக்கு வந்து நின்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

"அவன் விட்டிட்டான் எண்டால் எனக்குச் சனிக்கிழமை இல்லை."

நாளைய ஆட்டத்தையும் சேர்த்து அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லமுடியுமா என்று கேட்டார். ஓம் என்றேன். வீட்டுக்குப் போனபிறகுதான் நினைவு வந்தது. மறுநாள் சரஸ்வதி பூசை.

எங்கள் வீட்டில் அன்று பிள்ளைகளின் புத்தகங்களையும் தொழிலுக்கான சாமான்களையும் கும்பத்தடியில் வைத்துவிடுவோம். விஜயதசமிப் பூசை முடியும்வரை எழுத்துமில்லை, வாசிப்புமில்லை. மனைவி தன் தையல் கத்தரிக்கோலோடு என் தாள்களையும் கல்குலேட்டரையும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டாள்.

சனி மாலை போமன் ரெலிபோன் எடுத்தார். மறுபடியும் தோல்வி, ஏழு புள்ளியால். இப்போதே கணக்குப் பார்க்கலாமா என்றார். விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டார்.

"உங்கட அம்மன் எங்கட கணக்கைத் திருத்தி முடிக்க எவ்வளவு நேரம் செல்லும்?"

"நாளைக்குக் காலமை பூசை முடிய வாங்கோ. மகனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வந்தார்கள். மகன் குனிந்துதான் கதவுக்குள் நுழைந்தான். வாசலில் கழற்றிய அவனுடைய சப்பாத்துகளுக்குள் எங்கள் சின்னவன் இரண்டு காலையும் ஒன்றாக விட்டு நின்றான். பூசைக்கு வந்திருந்த மட்டக்களப்பு நண்பர், போமனின் மகன் கும்பத்துக்கு முன்னால் நீண்ட காலை மடித்துச் சப்பாணி கட்டி இருக்கப் படுகிற பாட்டைப் பார்த்துச் சிரிப்பை அடக்கமுடியாமல் தேவாரத்தில் ஒரு வரியைத் தவறவிட்டார். கற்பூரம் காட்டி, அவலும் கடலையும் கொடுத்து, பிறகு தாள்களை எடுத்தேன். அன்றைக்கு எதையாவது புதிதாகத் தொடங்கவேண்டும். என்னுடைய தொடக்கம் இதுவே ஆகட்டும் என்று போமனின் மகன் கையிலேயே கல்குலேட்டரைக் கொடுத்தேன். எட்டு அணிகளுக்கும் நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். விடை வந்தது.

அவனுடைய அணியின் எண்ணை மற்ற அணிகளின் எண்களோடு வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. முதலாவது.

போமன் எழும்பி நின்றுவிட்டார். மகன் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். தகப்பனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முன்பு கண்டதில்லை. ஆனால் என் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரிடமும் உடைந்த தேங்காய் எப்படி எல்லாவற்றிலும் வைரமாகும்? கல்குலேட்டரை வாங்கி ஒவ்வொரு எண்ணாக அமுக்கிப் பார்த்தேன். ஏழு அமுங்கவில்லை. மனைவி இட்ட சந்தனம் அந்தப் பொத்தானைச் சுற்றி இறங்கிக் காய்ந்துபோயிருந்தது. அவர்களுடைய தோல்விகளில் பல ஏழு புள்ளியால் வந்தவை. அவையெல்லாம் கணக்கில் விழவே இல்லை, வென்றவர்களுக்கும் கூடவில்லை. பதினேழால் தோற்றது ஒன்றால் தோற்றதாக விழுந்திருந்தது.

பேசாமல் விட்டால் பிள்ளை அணியிலேயே இருந்துவிடுவான், தகப்பனுக்குச் சனிக்கிழமை மிஞ்சும் என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. ஆனால் கும்பத்துக்கு முன்னால் இருந்துகொண்டு பொய்க்கணக்குக் காட்டலாமா? சொல்லிவிட்டேன்.

போமன் மெல்லத் தரையில் இருந்துவிட்டார். மனைவிதான் எல்லாரையும் பார்த்து, "நான் வடிவா இருக்கட்டும் எண்டுதான் பெரிசா வைச்சனான்" என்றாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மகன் சிரிக்கத் தொடங்கினான். அந்தச் சிரிப்பில் கும்பத்து மாவிலை ஆடியிருக்கும். பிறகு பேனை கேட்டு வாங்கி, முழுக் கணக்கையும் கையால் தானே போட்டான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, எண்கள் அசையாமல் நிற்கும்வரை.

ஐந்தாவது.

பலமான அணிகளோடு எல்லாம் முதலிலேயே ஆடி, கிட்டக் கிட்டத் தோற்றிருந்தார்கள். இனி ஆட இருந்தவை அவர்களுக்குக் கீழே நின்ற அணிகள். அவன் தாளைத் தகப்பன் பக்கம் திருப்பினான்.

"முதலாவது எண்டு சொல்லியிருந்தா நான் வீட்ட போற வழியிலயே நம்பாமல் விட்டிருப்பன். அஞ்சாவது எண்டால் நம்பலாம், டாட்."

போமன் இன்னும் கொஞ்சம் கடலை கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை எங்களையும் நண்பரையும் அவரே தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். மனைவி சேலைக்கு மேல் இரண்டு சுவெட்டர் போட்டிருந்தாள். மூன்று புள்ளியால் வெல்வார்கள் என்று என் தாள் சொன்னது. கடைசி நிமிடத்தில் இரு பக்கமும் சமம். எங்கள் அணிப் பிள்ளைகள் குறி பார்த்து உதைத்தார்கள். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது போமன் என்னைத் தூக்கி வைத்திருந்தார். பந்தை எதிராளிகளால் வெளியே கொண்டுவர முடியவில்லை. தப்பின உதைக்கு ஒரு புள்ளி, அந்த ஒரு புள்ளியால் வெற்றி.

"சொன்னனான் எல்லே, எங்களுக்கும் ஒண்டு தருவினம் எண்டு" என்றாள் மனைவி.

அன்றைக்குத் தகப்பனும் மகனும் சாப்பிடப் போன இடத்துக்கு எங்களையும் கூட்டிப்போனார்கள். நாங்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் என்பதால் எங்களுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் மட்டும்தான். அவர்கள் ஆட்டத்தைப் பற்றி விவாதிப்பதைப் பார்த்துக்கொண்டே மூன்று தட்டுத் தின்றுவிட்டோம்.

அந்த வருடம் அவர்கள் ஆறாவதாக முடித்தார்கள். என் எண் ஓர் இடத்தால் தவறிவிட்டது. மகன் படிப்பு முடியும்வரை ஆடினான், தகப்பன் ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. எண்பதுகளின் கடைசியில் தொழிற்சாலை நகரின் மறுபக்கம் மிசிசாகாவுக்கு மாறும்வரை நான் தாள் ஒட்டினேன்.

இந்தக் கதையைத்தான் என் மட்டக்களப்பு நண்பர், பாவம், அன்பின் மிகுதியால், சரஸ்வதியே கல்குலேட்டரில் இறங்கி அந்த அணியை முதலாவது ஆக்கினாள் என்று கோயிலில் சொல்லிவைத்தார். இப்போது அவர்கள் கிண்ணம் வென்றதாகவும் சொல்கிறார்கள். அம்பாளின் அருள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அருள் இருந்தது அந்த முதலாவது இடத்தில் அல்ல என்பது என் நம்பிக்கை.

வாசித்தவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கோ. கூட்டாமல், குறைக்காமல், இருக்கிறபடியே சொல்லுங்கோ. சந்தனத்தை விட்டுவிடாதீர்கள். ஐந்தாவதை ஐந்தாவதாகவே விடுங்கள். அந்தப் பிள்ளை நம்பியது அதைத்தான்.