சுவரில் இல்லாத எழுத்துகள்

ஆறு வாரம் முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை, எண்பத்து மூன்று வயது மனிதர் ஒருவர் சுவரில் இல்லாத எழுத்துகளை எனக்குக் கணீரென்று படித்துக் காட்டினார்.

மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை. ஒரு திணறல் கிடையாது. கண்ணைச் சுருக்குவது, தலையைச் சாய்ப்பது, எதுவும் கிடையாது.

அத்தனையும் தப்பு!

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் லண்டனில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் கண் சர்ஜன். வியாழக்கிழமைகளில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று தனி கிளினிக். அங்கே வருகிறவர்தான் இவர். ஆர்தர் என்று வைத்துக்கொள்வோம். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதை எழுத அவரிடமே அனுமதி வாங்கிவிட்டேன்.

இளவயதில், ராணுவப் பயிற்சியில் நடந்த விபத்தில் ஆர்தருக்கு இடது கண் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். மிச்சமிருந்த வலது கண்ணில் புரை விழுந்து, போன செப்டம்பரில் நான்தான் ஆபரேஷன் செய்தேன்.

இருக்கிற ஒரே கண்ணில் கத்தி வைப்பது எப்படியிருக்கும் தெரியுமா? முந்தின நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தியேட்டரில் படுத்துக்கொண்டு அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். "என்கிட்ட ஸ்பேர் கிடையாது டாக்டர். ஆனா எனக்கு எந்த அவசரமும் இல்ல. நிதானமா செய்யுங்க."

நன்றாகவே முடிந்தது. ஒரு மாதம் கழித்து வந்து, சார்ட்டின் கடைசி வரி வரை படித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். டிராயரில் வைத்திருந்த முறுக்கு டப்பாவை — ரெய்னர்ஸ் லேன் தமிழ்க் கடையில் வாங்கியது — எடுத்து நீட்டினேன். பாவம், பல்செட்டோடு போராடி ஒரு முறுக்கை முழுசாகத் தின்று முடித்தார்.

பிப்ரவரியில் மறுபடி வந்தார். மறுபடி கடைசி வரி வரை. மறுபடி கைதட்டல், மறுபடி முறுக்கு. ஃபைலில் 'அருமை' என்று எழுதினேன். ஜூனியர் டாக்டர்களிடம் ஆர்தரின் கண்ணைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் இந்த வியாழக்கிழமை வந்தது.

அந்த வாரத் திங்கட்கிழமை எங்கள் பழைய சார்ட்டின் விளக்குப்பெட்டி பழுதாகி, புதுசு ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதில் எழுத்துகள் வேறு. ஆர்தர் படித்ததோ, ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய சார்ட்டை!

நம் ஊரில் பரீட்சை எழுதிய யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான் வரும். கொஸ்டின் பேப்பர் அவுட்.

சந்தேகப்படுவது எனக்கு ரத்தத்தில் ஊறியது. என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'செக்போஸ்ட்'. நான் என்ன செய்ய? தொழில் அப்படி. "சொட்டு மருந்தை நாள் தவறாம போட்டேன் டாக்டர்" என்பார்கள்... பாட்டில் சீலே உடைந்திருக்காது. "கண்ணைக் கசக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே கசக்குவார்கள். இருபது வருஷம் இதைக் கேட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்?

முதல் சந்தேகம் ஜெசிந்தா அக்கா மேல் விழுந்தது. அவர்தான் எங்கள் கிளினிக்கில் பார்வை பரிசோதிக்கிறவர். சொந்த ஊர் இலங்கையில் மன்னார், இப்போது கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ. வயதானவர்களைக் கண்டால் உருகிவிடுவார். ஒருவேளை உருகி... எழுத்தைச் சொல்லிக் கொடுத்திருப்பாரோ? காரிடாருக்குக் கூட்டிப்போய்க் கேட்டே விட்டேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவருக்கு எழுத்தெல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்ன டொக்டர், என்னிலயோ சந்தேகம்? பன்ரெண்டு வருசமா இந்த வேலை செய்யிறன். ஒருத்தருக்கும் ஒரு எழுத்து சொல்லிக் குடுத்ததில்லை."

"இல்லக்கா, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கிற கேள்வியே இது? ஒரே பேப்பரை வருசக்கணக்கா ஒரே சுவரில மாட்டி வைச்சா, ஆர்தான் பாடமாக்காமல் விடுவினம்? அதை முதல்ல யோசியுங்கோ!"

நியாயமான கேள்வி. நான் உள்ளே போய் ஆர்தருக்கு ஸ்கேன் எழுதினேன்.

ஸ்கேன் படம் வந்ததும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். விழித்திரையின் நடுவில் சின்னப் பள்ளம் இருக்க வேண்டும். அங்கே நீர் கோத்து, பூரி மாதிரி உப்பியிருந்தது. புரை ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் சிலருக்கு இப்படி வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே வடிந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால் பார்வையைத் தின்றுவிடும். 'இவ்வளவு நல்லா படிக்கிறவருக்கு ஸ்கேன் எதுக்கு?' என்று பிப்ரவரியில் தள்ளிவிட்டது யார்? நானேதான்.

"எப்பத்திலிருந்து மங்கலா இருக்கு?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியிலிருந்து."

"அப்போ பிப்ரவரியில படிச்சது?"

"மனப்பாடம். அக்டோபர்ல நிஜமாவே படிச்சேன். அன்னிக்கே மனசுல பதிஞ்சுபோச்சு."

இரண்டாவது சந்தேகம் தயாராகவே இருந்தது. "கார் ஓட்டுறதுக்காகத்தானே? லைசன்ஸ் போயிடும்னு பயந்து பொய் சொன்னீங்க, இல்லையா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காரை ஜனவரியிலேயே மருமகள்கிட்ட கொடுத்துட்டேன். கண் தெரியாம வண்டி ஓட்டி யார் மேலயாவது ஏத்தற ஆளா நான்?"

"பின்னே எதுக்கு?"

அவர் என் முகத்தை நேராகப் பார்க்காமல், என் காதுப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நடுப்பார்வை போனவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அதுகூட அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

"அக்டோபர்ல நான் படிச்சு முடிச்சதும் கைதட்டினீங்க. அப்போ உங்க முகத்தைப் பார்த்தேன். ரொம்ப நாளுக்கப்புறம் நான் தெளிவா பார்த்த முதல் முகம் அது. அவ்வளவு சந்தோஷம் அதுல. அடுத்த தடவை வந்தப்போ முகம் தெரியல, எழுத்து மட்டும் ஞாபகம் இருந்தது. உங்க சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல டாக்டர். கொஞ்ச நாள்ல தானா சரியாயிடும்னு நினைச்சேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இருக்கிறது ஒரே கண். அதை வைத்து எனக்கு உபசாரம் செய்திருக்கிறாரே இந்த மனிதர்! "இப்படி யாராவது பண்ணுவாங்களா?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவருக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவோரம் நின்ற ஜெசிந்தா அக்கா மூக்கை உறிஞ்சினார். "டொக்டர், இந்த மனிசன்ர கார்டிகன் பட்டனைப் பாருங்கோ."

பார்த்தேன். ஒவ்வொரு பட்டனும் ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருந்தது. ஷூவில் நம் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போடுகிற பட்டாளத்துக்காரர்! பிப்ரவரியிலும் அப்படித்தான் வந்திருந்தார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதைப் பார்த்தேன், சிரித்தேன், முறுக்கை நீட்டினேன்.

அதுதான் ஆறு வாரமாக என்னைக் குடைகிறது. கணவரைச் சந்தேகப்படுவேன், பால்காரரைச் சந்தேகப்படுவேன், சீல் உடையாத பாட்டிலைச் சந்தேகப்படுவேன். கூடவே வேலை செய்கிற ஜெசிந்தா அக்காவை நிற்கவைத்துக் கேள்வி கேட்பேன். ஆனால் 'உங்க கை ராசியான கை' என்று ஒருவர் சொன்னால்? செக்போஸ்ட் தானாகத் திறந்துகொள்கிறது. உங்களுக்கு எப்படி என்று தெரியாது. எனக்குப் பிடித்த பதிலை நான் ஒருநாளும் சோதனை போட்டதே இல்லை. என் ஃபைல்களில் இன்னும் எத்தனை 'அருமை' மனப்பாடமோ... நினைத்தாலே பகீர் என்கிறது.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிக்கிறன். ஆனா அந்த முறுக்கு டப்பாவை எங்கயாவது ஒளிச்சு வையுங்கோ. நீங்கள் பரிசு குடுத்துத்தான் இவையளைக் கெடுத்தனீங்கள்!"

ஒளித்து வைத்தேன். கிளினிக்கில் இப்போது மூன்று சார்ட்டுகள். எது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெசிந்தா அக்கா மாற்றி மாற்றி மாட்டுகிறார்.

போன வியாழக்கிழமை ஆர்தர் வந்தார். ஆறு வாரம் சொட்டு மருந்து போட்டிருக்கிறார். பாட்டிலை நான் கேட்பதற்கு முன்பே மேஜைமேல் வைத்தார், காலியாக. கார்டிகன் பட்டன்கள் சரியாக இருந்தன. ஸ்கேனில் வீக்கம் முக்கால்வாசி வடிந்திருந்தது. மிச்சமும் வடியலாம். ஆனால் அந்தக் கடைசி இரண்டு வரி இனி அவருக்குக் கிடைக்காது. அதை நான் அவரிடம் மறைக்கவில்லை.

மாட்டியிருந்தது அவர் பார்த்தேயிராத சார்ட். மெதுவாக ஆரம்பித்தார். முதல் வரி... இரண்டாவது... மூன்றாவது. நாலாவது வரியில் கண்ணைச் சுருக்கினார், தலையைச் சாய்த்தார், ஒரு எழுத்தைத் தப்பாகச் சொல்லித் திருத்தினார். எனக்குக் கை குறுகுறுத்தது. தட்டாமல் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாவது வரி. பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். என் பக்கம் திரும்பினார் — இந்த முறை காதுப் பக்கம் இல்லை, என் முகத்தையே.

"தெரியல டாக்டர்."

அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்தேன். ஜெசிந்தா அக்கா முறைத்தார். ஆர்தர் கையை நீட்டாமல், என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இது எதுக்கு? நாலு வரி படிச்சதுக்கா?"

"இல்ல சார். அஞ்சாவது வரிக்கு!"