தீவுக்குப் போன மனைவியும் வேனின் முன் சீட்டும்

என் மனைவி கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவுக்கு நர்ஸ் வேலைக்குப் போன மூன்றாவது மாதம், அங்கே ஒரு வேன் டிரைவர் அவளைக் காதலிக்கிறான் என்று நான் முழுமனதாக நம்பினேன். அந்த டிரைவரை நான் பார்த்ததில்லை. கறுப்பா சிவப்பா, கிழவனா குமரனா, எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவன் வேனின் ஹாரன் சத்தமும், அதில் என் மனைவி உட்காரும் இடமும்தான். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகக் காரைக்குடி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவனுக்கு அந்த இரண்டும் போதும்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். எந்தப் பெண் ஏறினால் டிரைவர் கண்ணாடியைத் திருப்புகிறார், எந்த வீட்டுக்கு முன்னால் காரணமில்லாமல் ஹாரன் அடிக்கிறார், யாருக்காக முன் சீட்டில் தன் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைக்கிறார் என்று பார்த்தாலே கல்யாணம் எந்த மாதம் என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லி, மூன்று கல்யாணங்களில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். நான்காவதில் பெண்ணின் அப்பா என்னை அடிக்க வந்தார். அது வேறு கதை.

தீவுக்குப் போன புதிதில் அவள் தினமும் அழுதாள். "இங்க யாரையும் தெரியலங்க. சோத்துல உப்பே இல்லங்க. மழை வந்தா கூரையத் தூக்கிட்டுப் போற மாதிரி வருதுங்க" என்பாள். நான் பெரிய ஆம்பளையாக ஆறுதல் சொல்வேன். போனை வைத்த பிறகு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. நான் இல்லாமல் அவளால் முடியவில்லை அல்லவா?

இரண்டாவது மாதத்தில் அழுகை நின்றது. எனக்குக் கஷ்டகாலம் பிறந்தது. பலாக்காய் போல ஒரு காயை அங்கே நெருப்பில் சுட்டுத் தின்பார்களாம். அதை இவள் புளிக்குழம்பில் போட, பக்கத்து வீட்டுக்காரர்கள் கிண்ணத்தோடு வந்து நின்றார்களாம். எங்கேயோ தேடிப் பிடித்து கறிவேப்பிலைச் செடி வாங்கிவிட்டாள். சர்ச்சில் பூசையின்போது எல்லோரும் கைதட்டி ஆடிக்கொண்டே பாடுகிறார்கள் என்று வீடியோ அனுப்பினாள். அதில் மூன்றாவது வரிசையில் கைதட்டிக்கொண்டு நின்றது என் மனைவி. ஆவூரில் பிறந்து, ஆவூர் சர்ச்சுத் தேருக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றவள்! அந்த வீடியோவைப் பதினேழு தடவை பார்த்தேன். அவள் பக்கத்தில் நின்றவர்களை மட்டும்.

மாலை நான்கு மணிக்கு எங்கள் பஸ் புதுக்கோட்டை ஸ்டாண்டில் இருபது நிமிடம் நிற்கும். அவளுக்கு அப்போது காலை ஆறரை, டூட்டிக்குக் கிளம்பும் நேரம். ரோட்டோரம் நின்றபடி வீடியோ காலில் பேசுவாள். திடீரென்று இரண்டு ஹாரன். அங்கே டவுன் பஸ் என்பதே வேன்தான். "சரிங்க, வண்டி வந்திருச்சு" என்று ஏறுவாள். "குட் மார்னிங், டார்லிங்!" என்று ஓர் ஆண் குரல். போன் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும்போது திரையில் தெரிவது வேனின் முன் கண்ணாடி. அதாவது, முன் சீட்டு. தினமும் முன் சீட்டு.

இதை நம்பியது நான் செய்த முதல் முட்டாள்தனம். எங்கள் பஸ் டிரைவரிடம் சொன்னது இரண்டாவது.

"என்ன மாப்ள, தங்கச்சி இன்னைக்கும் முன்னாடிதானா?"

"ம்."

"ஹாரன் எத்தன?"

"ரெண்டு."

"ரெண்டா! நான் அந்தக் காலத்துல ஒன்னுதான் மாப்ள அடிச்சேன். அதுக்கே எனக்கு ரெண்டு புள்ளைக."

அன்று திருமயம் டிக்கெட் கேட்ட ஒரு பெரியவருக்குக் காரைக்குடி டிக்கெட் கொடுத்தேன். தலைக்கு மை வாங்கிப் பூசினேன். மீசைக்கும் பூசி, அது உதட்டில் இறங்கி, இரண்டு நாள் வாயைத் திறக்காமல் விசிலிலேயே வேலை பார்த்தேன். வீடியோவில் என்னைப் பார்த்த அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஒடம்புக்கு எதுவும் முடியலையா?"

ஒரு நாள் தந்திரமாகச் சொல்லிப் பார்த்தேன். "பின்னாடி உக்காந்து போயேன். காத்து நல்லா வரும்."

"வேணாங்க. முன்னாடியே நல்லா இருக்கு."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஏழு மாதம் வெந்தேன்.

அவள் போனது ஒரு வருட ஒப்பந்தத்தில். பத்தாவது மாதம், இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் கேட்டாள்.

"வேணாம். கெளம்பி வந்துரு" என்றேன்.

"ஏங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா? இத்தன வருசம் அங்க ஆசுபத்திரியில வேல பாத்தேன், ஒருத்தரு என்ட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல. இங்க டாக்டரே, 'நீங்க என்ன நெனைக்கிறீங்க சிஸ்டர்'னு கேக்குறாரு. சும்மாவுக்காக இத விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், எலுமிச்சம்பழம் விற்கிறவர் முதல் டைம் கீப்பர் வரை கேட்கும்படி கத்தினேன். "அந்த வேன்காரன் எதுக்கு தெனமும் ஒனக்கு முன் சீட்டு தர்றான்?"

"அது வந்துங்க..." என்று இழுத்தாள். போச்சு, எல்லாம் உண்மைதான் என்று பஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சொன்னா சிரிப்பீங்க" என்றாள் கடைசியில்.

"சிரிக்க மாட்டேன்."

"பஸ்ல எல்லார்ட்டயும் சொல்வீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"வாந்திங்க."

"என்னது?"

"வாந்தி. இங்க ரோடு மலையச் சுத்திச் சுத்திப் போகுது. மொத வாரம் பின்னாடி உக்காந்து ஒரு அம்மா மடியில எடுத்துட்டேன். அதுலேருந்து முன்னாடி உக்கார வைக்கிறாரு. கண்டக்டர் பொண்டாட்டிக்கு பஸ்ல வாந்தி வருதுன்னு ஒங்கள்ட்ட எப்புடிச் சொல்றது? வாந்தி எடுக்குறவங்ககிட்ட, 'காலையில என்ன சாப்புட்டீங்க, நானே கண்டுபிடிக்கிறேன்'னு கேக்குற ஆளு நீங்க."

கேட்டிருக்கிறேன். பலரிடம்.

"சரி, ஹாரன்?"

"அவரு எல்லாருக்கும் அடிப்பாருங்க. ரோட்டுல ஆடு நின்னாலும் அடிப்பாரு, கூட்டாளியப் பாத்தாலும் அடிப்பாரு."

"டார்லிங்?"

"எழுவது வயசுத் தாத்தா ஏறுனாலும் டார்லிங்தான்."

பிறகு அவள் விக்கி விக்கிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மடியில் வாந்தி வாங்கிய அந்த அம்மா யார் என்று கேட்டேன். இப்போது நல்ல சினேகிதியாம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தானாம். என்ன சாப்பாடு என்று கேட்டேன். மீன் என்றாள். யார் சமைத்தது, நீயா அந்த அம்மாவா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். என் சம்மதத்தை அவள் மறுபடி கேட்கவில்லை, நானும் மறுபடி வேண்டாம் என்று சொல்லவில்லை.