மஞ்சள் கருவும் ஏழுமலையின் கட்டைவிரலும்

கிராமத்து நர்ஸுக்கு ஊசி போடுவது பாதி வேலை. நேற்று வந்த ஆராய்ச்சிக்கு இன்று பதில் சொல்வது மீதி வேலை. போனும் கையுமாக நோயாளிகள் வரும் ஊரில் வேலை பார்க்கும் சகோதரிகளே, உங்கள் கதியும் இதுதான் என்று எனக்குத் தெரியும்.

மஞ்சள் கரு

சோரியாங்குப்பம் பக்கத்தில் எங்கள் சுகாதார நிலையம். வாரம் ஒருநாள் சுகர் பார்ப்போம். முட்டையின் மஞ்சள் கருவைத் தொடாதீர்கள் என்று வருஷக்கணக்கில் சொல்லி வந்தவள் நான். இப்போது ஆராய்ச்சிகள் மாறிவிட்டன, பெரும்பாலானவர்களுக்கு அளவோடு முட்டை கெடுதல் இல்லை என்று டாக்டர் சொல்ல, நானும் அப்படியே திருப்பிச் சொன்னேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கரும்பும் நெல்லும் போடுகிற ஏழுமலைக்குச் சுகர். அவர் மனைவி செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இத்தினி நாளா அவரு மஞ்சக் கருவெல்லாம் எங்க வூட்டுப் பூனதான் துன்னுச்சு. இனிமே அதுக்கு இன்னா பதில் சொல்றது சிஸ்டர்?”

எலிக்குச் சரியானது

அடுத்த முறை ஏழுமலை போனை நீட்டினார். ஏதோ இலைச் சாறு குடித்தால் சுகர் ஓடியே போகும் என்று ஒரு வீடியோ. அதை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தார். பரிசோதித்தால் சுகர் எகிறிக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். திட்டினால் அடுத்த வாரம் வரமாட்டார்.

நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. யார்மேல் சோதித்தார்கள்? எத்தனை பேர்? சொல்கிறவர் எதையாவது விற்கிறாரா? இருவரும் உட்கார்ந்து வீடியோவை மறுபடி பார்த்தோம். சோதித்தது எலிகள்மேல். கடைசியில் ஒரு பாட்டில் விற்பனைக்கு வந்தது. எலியில் பலித்தது ஆரம்பம்தான், மனிதருக்கு வர இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்றேன். ஏழுமலை போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“கரும்புக் கொல்லையில எலிக்குப் பொறி வெக்கிறவன் நானு. அதுக்கு நல்லாச்சுன்னு கேட்டு என் மாத்திரய வுட்டுட்டனே சிஸ்டர்.”

வரப்பு

சாப்பிட்டபின் கொஞ்சம் நடந்தால் சுகர் கட்டுப்படும் என்ற சங்கதியை மட்டும் அவர் முழுசாக நம்பினார். ஆனால் நடந்தது தன் வயல் வரப்பில். எங்கள் பக்கம் வயலில் யாரும் செருப்போடு இறங்கமாட்டார்கள். சுகரால் அவர் பாதம் மரத்துப் போயிருந்ததால், கால் கட்டைவிரலில் வெட்டிய கரும்புத் தட்டையின் கூர்முனை குத்தியதே தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தக் கறையைப் பார்த்த செல்விதான் இழுத்துவந்தார்.

இப்படி ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பித்து விரலை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பயந்துவிட்டேன். டாக்டர் மருந்து எழுதினார், நான் தினமும் கட்டு மாற்றினேன். இனி வயலுக்கும் செருப்பு வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் இதற்கு ஆட்டவில்லை.

“சோறு போடற எடம் சிஸ்டர். அது மேல செருப்போட ஏறச் சொல்றீங்களே?”

இதற்கு என்னிடம் எந்த ஆராய்ச்சியும் இல்லை. பக்கத்தில் நின்ற செல்விதான் பதில் சொன்னார்.

“காலப் பறிகுடுத்துட்டு கோலு ஊனிக்கினு ஏறனா மட்டும் நெலத்துக்கு மரியாதியா?”

மூடிய புண்

புண் ஆற நாளானது. ஒரு காலையில் கட்டைப் பிரித்தால் புதுத் தோல் மூடியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பஞ்சை எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். நிலையத்து வாசலில், சுகர்காரர்கள் போடுகிற பட்டை வைத்த மெத்துச் செருப்பு ஒரு ஜோடி, சேறு அப்பிக் கிடந்தது. யாருடையது என்று கேட்டேன். ஏழுமலை சிரித்தார்.

“தெனம் குனிஞ்சி மண்ணத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் செருப்போட ஏறறேன் சிஸ்டர். நெலம் ஒண்ணும் கோச்சிக்கல.”

அடுத்த வாரமே செருப்பு கெடுதல் என்று ஒரு வீடியோ வரலாம், வரட்டும், ஏழுமலைக்குக் கால்விரல் பத்தும் பத்திரமாக இருக்கின்றன.