தலைக்கணக்குக்குப் போன டெம்போ

மூலனூர்ப் பக்கம் போகிறவர்கள் முருங்கைச் சந்தைக்குத்தான் போவார்கள். நான் போனது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக. 1991 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். சங்கரன்கோவில்காரனான எனக்கு லீவு நாளில் போக்கிடம் கிடையாது. பக்கத்து மேசை காவேரியக்கா, "சும்மா வாங்க தம்பி, எங்கூரப் பாத்த மாதிரி இருக்கும்" என்றதும் டெம்போவில் ஏறிவிட்டேன்.

அக்காவின் ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. அவருடைய ஒரே மகள் அங்கே ஆடு மேய்க்கும் அப்பாவோடு இருந்தாள். தினமும் மூன்று கிலோமீட்டர் நடந்து பக்கத்து ஊரில் படித்தாள். கணக்கில் ஆள் கூடினால் பள்ளிக்கூடம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே திருப்பூரில் லைன் வீடுகளில் குடியிருந்த ஊர்க்காரர்கள் மொத்தப் பேரும் டெம்போ பிடித்துக் கிளம்பிவிட்டார்கள். எங்கே பிழைத்தாலும் கோயில் நோம்பித் திருவிழாவுக்குச் சொந்த ஊரில்தான் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி கட்டுவார்கள். சர்க்கார் கணக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். வீரபாண்டியில் கணக்கு எழுத வந்தவரை, "எங்கள ஊர்ல எழுதிக்குவாங்க" என்று திருப்பியும் அனுப்பிவிட்டார்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். தாராபுரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து மூலனூர் இன்னும் இருபது. பிறகு மண் ரோடு. வழியெல்லாம் ஒரே பாட்டும் கேலியுமாக இருந்தது. இடுப்பு ஒடிந்தது என்னவோ எனக்குத்தான்.

கணக்கெடுக்க வந்த டீச்சர் கோயில் வேப்பமரத்தடியில் இருந்தார். ஒவ்வொருவரிடமும் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். திருப்பூர் என்றவர்களை எழுத முடியாது என்றார்.

"ஊடு இங்கதானுங்களே டீச்சர்?" என்றார் அக்கா.

"உங்க ஊட்டுக்காரரும் பாப்பாவும் இங்க இருக்கறாங்க, எழுதியாச்சுங்க. நீங்க இருக்கறது திருப்பூர்ல தானுங்களே?"

"அங்க வந்தவருகிட்ட ஊர்லன்னு சொன்னோம், இங்க வந்தா திருப்பூர்லங்கறீங்க. அப்ப நாங்க எந்த ஊர்லயும் இல்லீங்களா?"

நாளைக்கே வீரபாண்டியில் எழுதுகிறவரைப் பிடியுங்கள் என்றார் டீச்சர். எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. சட்டம் அவர் போட்டதா என்ன என்று பிறகுதான் உறைத்தது. திரும்பும்போது வண்டியில் யாரும் பாடவில்லை.

இப்போது போகிறவர்கள் தாராபுரத்தில் பஸ் மாறி மூலனூரில் இறங்கலாம். தண்ணீர் கையோடு இருக்கட்டும். மக்கள்தொகைப் புத்தகத்தில் எண்ணைப் பார்த்துவிட்டு ஆளில்லாத ஊர் என்று நினைக்க வேண்டாம். நோம்பி நாளில் போனால் நிற்க இடம் இருக்காது.

டெம்போவில் திரும்பிய மறுநாள் அக்கா காலை ஷிப்டை விட்டுவிட்டு, தெருத்தெருவாகத் தேடி வீரபாண்டியில் கணக்கு எழுதுகிறவரைப் பிடித்துத் தன் பெயரை எழுத வைத்தார். ஊரில் பள்ளிக்கூடம் வரவில்லை. ஜூன் மாதம் மகளைக் கூட்டிவந்து வீரபாண்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அன்று டீ நேரத்தில் என்னிடம் சொன்னார்:

"ஊருக்கு ஆள் சேக்கப் போயி, இருந்த ஒண்ணையும் கூட்டிட்டு வந்துட்டனுங்க தம்பி."