கையளிக்குமுன் அடைத்த துளைகள்

பிற்பகல் இரண்டு இருபதுக்குப் பாட்டு நின்றது. தோட்டத்து அலுவலகமான கந்தோரில் கிளாக்கர் வேலையிலிருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. புதிய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் திறப்பு விழாவுக்கு வரவேற்புப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் எட்டு வயது மகள். பாட்டு ஓர் அடியின் நடுவிலே அறுந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. பள்ளிக்கூடம் கட்டத் தோட்டத்துத் துரை தீர்மானித்ததும் கொழும்பிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் வந்தார். என்னைப்போல யாழ்ப்பாணத்து ஆள். முதல் வருகையில் அவர் ஒரு கோடும் கீறவில்லை. குடையோடு சரிவில் நின்று, மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த முறை முளையடித்துக் கயிறு கட்டினார். அதன் பிறகுதான் கட்டடப் படம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மலையை வெட்டிய இடத்தில் மண்ணைத் தாங்க ஒரு கல்மதில். அதன் அடியில் வரிசையாகத் துளைகள். தாம் இல்லாத நாட்களில் வேலை படத்தின்படி நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். வரும்போதெல்லாம் என் குறிப்புகளைப் படிப்பார். கோணலாக நின்ற ஒரு வாசல் நிலையைப் பிடுங்கி மறுபடி நிறுத்த வைத்தார். தாம் கடைசியாக வந்து பார்க்கும்வரை எவரையும் உள்ளே விடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

கட்டடத்தைத் தோட்டத்திடம் கையளித்துத் திறப்பு விழா நடத்தத் திங்கட்கிழமை குறித்திருந்தது. அதற்குச் சில நாட்கள் இருக்கையில், மதிலைக் கட்டிய மேசன் என்னிடம் வந்தார். புதிதாக வெள்ளையடித்த மதிலில், துளைகளிலிருந்து கசிந்த செம்மண் தண்ணீர் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"கல்யாண மாப்பிள்ளைக்கு மூக்கு ஒழுகுற மாதிரி இருக்குங்க ஐயா. தொரமாருங்க வர்ற அன்னைக்கு இப்படியா நிக்கும்? சுண்ணாம்பு வச்சு அடைச்சிரவா?"

நான் சிரித்தேன். சரி என்றேன். பாடிப் பழகத்தானே என்று பிள்ளைகளை உள்ளே விட்டதும் நான்தான்.

பாட்டு நின்றதும் ஓடிப்போய்ப் பார்த்தபோது மதில் நடுவில் வயிறு தள்ளி நின்றது. மேலிருந்து சில கற்கள் சரிந்து, சேறு பள்ளிக்கூடத்தின் பின்சுவரை அழுத்திக்கொண்டிருந்தது. கதவு நிலையோடு இறுகித் திறக்க மறுத்தது. உள்ளேயிருந்த வாத்தியார் முன்பக்க யன்னல் வழியாகப் பிள்ளைகளைத் தூக்கித் தந்தார்; நான் வாங்கினேன். உயரமானவள் என்பதால் என் மகள் கடைசி வரிசையில், பின்சுவரோடு நின்றாள். அவளை முதலில் தாருங்கள் என்று கத்த வாயெடுத்தேன். என் கைகளில் வேறொருவரின் பிள்ளை இருந்தது. கத்தவில்லை.

மேசன் எவரும் சொல்லாமலே கூரான இரும்பு அலவாங்கோடு மதிலடிக்குப் போனார். சரிந்தால் முதலில் அவர்மேல்தான். சுண்ணாம்பைக் குத்திப் பெயர்க்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு குத்துக்கும் மதில் அதிர்வதாக எனக்குத் தோன்றியது. பிறகு, மதிலுக்குப் பின்னால் அடைபட்டிருந்த தண்ணீர் துளைகள் வழியே பீறிட்டது.

"போவுதுங்க ஐயா, தண்ணி போவுதுங்க" என்றார்.

என் மகள் கடைசிக்கு முந்தைய ஆளாக வந்தாள். அழவில்லை. என் கழுத்தைப் பிடித்த பிடியை வீடு போகும்வரை விடவில்லை. இன்றும் தகரக் கூரையில் மழை பலத்தால், அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

காலையில் வரவேண்டிய கட்டடக் கலைஞர், அவிசாவளைப் பாதையில் வெள்ளம் நின்றதால், நாலு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். மதிலைப் பார்த்தார், சேற்றில் கிடந்த சுண்ணாம்புக் கட்டிகளைப் பார்த்தார். அவர் கேட்குமுன், அடைக்கச் சொன்னது நான்தான் என்றேன்.

"பிள்ளையள் எல்லாரும் வெளியில வந்திட்டினமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் தாமே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"துளையைக் கீறின நான், அது ஏனெண்டு உங்களுக்குச் சொல்லேல்லை. திங்கட்கிழமை இதை ஒருத்தரிட்டையும் குடுக்கமாட்டன். ஒரு மழைக்காலம் முழுக்கப் பாத்தாப் பிறகுதான் கையளிப்பு."