மடக்கு விரல் சட்டத்துக்கு ஒப்பம் வாங்கப் போனேன்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நாற்பத்திரண்டு மைல். போன மாசி மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் அங்கே போனது பத்மநாப சுவாமி கோயிலையோ மிருகக்காட்சி சாலையையோ பார்ப்பதற்கல்ல. சங்கரலிங்கத்திடம் ஒரே ஒரு ஒப்பம் வாங்குவதற்கு. நமது யோ-யோ கூட்டத்தின் இந்தக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் இன்னும் சிலர் அவரைப் பார்க்கப் போகும் யோசனையில் இருப்பதால், நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒளிக்க ஆசைதான். முடியாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. இரண்டு வருடத்துக்கு முன் நம்மூர்ப் பொருட்காட்சியில் சங்கரலிங்கம் மேடையேறினார். அதுவரை நாம் நூலை யோ-யோவின் அச்சில் இறுக்கி முடிச்சுப் போட்டு, அது கீழே போன வேகத்திலேயே திரும்பி வருவதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தோம். அவருடைய யோ-யோ மேலே திரும்பாமல் நூலின் நுனியிலேயே நின்று சுழன்றுகொண்டு உறங்கியது. நூலை முடிச்சுப் போடாமல் அச்சில் வளையமாக மாட்ட வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். நாற்பதடி தூரத்திலிருந்து இன்னொன்றையும் பார்த்தோம். ஆடும் கையின் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் அவர் உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருந்தார். வித்தையின் சூட்சுமமே அதுதான் என்று முடிவு கட்டினோம்.

நான் முன்சீப் கோர்ட் குமாஸ்தா. எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே ‘இரு விரலும் மடங்கியிராத ஆட்டம் ஆட்டமாகாது’ என்று சட்டம் எழுதியதும் நான்தான். தினமும் மாலை அரை மணி நேரம் இரண்டு விரலையும் நூலால் கட்டிக்கொண்டு பழகும் ஏற்பாட்டைக் கொண்டுவந்த புண்ணியவானும் நான்தான்.

கிறிஸ்துமஸ் போட்டியில் வடசேரி தையற்காரர் செல்லையா ஐந்து விரலையும் விரித்து, நூலை முக்கோணமாக இழுத்து, உள்ளே யோ-யோவைத் தொட்டில்போல ஆட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டம் கைதட்டி ஓயவில்லை. நடுவராக இருந்த நான் செல்லாது என்று தள்ளினேன். செல்லையா கூட்டத்தை விட்டுப் போனார். யோ-யோவை அதன்பிறகு தொடவே இல்லை. போகும்போது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அந்த மனுசன்ட்டயே போய்க் கேட்டுட்டு வாரும்வே. விரல மடக்கித்தான் ஆடணும்னு அவரு சொல்லிட்டா நான் சாகிற வரைக்கும் நூலத் தொடமாட்டேன். இல்லைன்னா, நீரு என் முன்னால வந்து தப்புன்னு சொல்லணும்.”

நான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். சட்டத்தை நல்ல காகிதத்தில் எழுதி, கீழே ஒப்பத்துக்கு இடம் விட்டு, மடித்துப் பையில் வைத்தேன்.

முதல் பஸ் காலை ஆறேகாலுக்கு. கட்டணம் திருவிதாங்கூர்க் காசில் பதினெட்டுச் சக்கரம். இடது பக்கம் உட்காராதீர்கள், தக்கலை வரைக்கும் புழுதி முழுக்க அந்தப் பக்கம்தான். மார்த்தாண்டத்தில் இருபது நிமிடம் நிற்கும். ஏத்தம்பழமும் சாயாவும் மூன்று சக்கரம். பாறசாலை தாண்டியதும் வண்டியில் பேச்சு முக்கால்வாசி மலையாளமாகிவிடும். நெய்யாற்றங்கரையில் சில்லறை வாங்கும்போது காசு என் விரலிடுக்கில் வழுக்கி விழுந்தது. கண்டக்டர் குனிந்து எடுத்துக் கொடுத்து, “கைக்கு என்ன அண்ணாச்சி, வாதமா?” என்றார். வித்தைக்காரன் கையைப் பார்த்து வாதமா என்கிறானே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

ஒன்பதே முக்காலுக்குத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இறங்கினேன். அங்கிருந்து சாலை என்கிற கடைத்தெரு ஐந்து நிமிட நடை. நம்மிடம் இருந்த விலாசம் ‘சாலை, அச்சாபீஸ்’ என்பது மட்டும். அப்படிப்பட்ட ஆட்டக்காரருக்கு அது போதாதா என்ற தைரியத்தில், ஒரு புளிமண்டியில் “யோ-யோ சங்கரலிங்கம் வீடு எது?” என்று கேட்டேன்.

“யோ-யோவா? அது எந்தா சாதனம்?” என்றார் மண்டிக்காரர்.

தூக்கிவாரிப் போட்டது. சொந்த ஊரில் அவரை யாருக்கும் தெரியவில்லை. நான் அச்சாபீஸ் என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. “ஓ, கை வய்யாத்த சங்கரலிங்கமா! அப்படிச் சொல்ல வேண்டாமா? மூணாமத்த சந்தில ரெண்டாவது வீடு.” வய்யாத்த என்றால் அங்கே முடியாத என்று அர்த்தம். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவர் அவரேதான். முப்பது வயதுகூட இருக்காது, என்னைவிடச் சின்னவர். “இரியுங்க, நாகர்கோவில்லேந்தா இத்தனை தூரம்?” என்று பாய் விரித்தார். விரித்த கையைப் பார்த்தேன். இரண்டு விரலும் மடங்கித்தான் இருந்தன. ஆனால் மணிக்கட்டிலிருந்து அந்த விரல்கள் வரை ஒரு வெளுத்த தழும்பு ஓடியது. பாயை உதறும்போதும், அவர் மனைவி கோமதி கொடுத்த காப்பித் தம்ளரைப் பிடிக்கும்போதும், அந்த இரண்டும் அசையவே இல்லை.

“மிதி அச்சு யந்திரம்,” என்றார் நான் பார்ப்பதைப் பார்த்து. “காகிதம் வைக்கச்செல கை உள்ள போயிட்டுது. அஞ்சு வருஷமாச்சு. நிமிராது, கேட்டோ. மத்த மூணு விரலுக்கு ஒரு வேல வேணும்னுதான் இந்த யோ-யோவ எடுத்தேன்.”

பையிலிருக்கும் காகிதத்தை எடுக்காமல் ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் செல்லையாவுக்குக் கொடுத்த வார்த்தை இருக்கிறதே. எடுத்து நீட்டினேன்.

அவர் படித்தார். முதலில் பெரிதாகச் சிரித்தார். “எம்மாடி, கோமதி, இங்க வா! எங் கை வய்யாதத இவங்க சட்டமாக்கிட்டாங்க!” நானும் அசட்டுத்தனமாகக் கூடச் சிரித்து, காகிதத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அப்போது அவர் சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இடது கையால் என் சுண்டுவிரலை நிமிர்த்தினார். முக்கால்வாசி வந்தது, அதற்கு மேல் வரவில்லை. மோதிரவிரலும் அப்படியே. வலித்தது. இரண்டு வருடமாக மாலைதோறும் கட்டிய விரல்கள். நிமிர்கிறதா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

“எத்தன பேரு இப்படி?” என்றார்.

“பத்துப் பேர்.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கோமதி அம்மாள்தான் பேசினார்: “இந்தக் கையோட இவங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். சட்டைப் பித்தான் மாட்ட முடியாம அழுதிருக்காங்க. முழுசா இருக்கிற கையக் கட்டிப் போட்டீங்களே, உங்களுக்கு எந்தா பிராந்தா? பைத்தியமா?”

கோர்ட்டில் எத்தனையோ பேர் கூண்டில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அன்று நான் நின்றேன்.

சங்கரலிங்கம் பேனாவோடு திரும்பி வந்தார். கட்டாமல் ஆடுகிறவன் ஒருத்தனாவது உண்டா என்று கேட்டார். செல்லையாவைப் பற்றியும் தொட்டிலைப் பற்றியும் சொன்னேன், நான் தள்ளியதையும் சேர்த்து. “தொட்டிலா!” என்று எழுந்தேவிட்டார். “அதுக்கு விரல் அஞ்சும் விரியணுமே. நாலு வருஷமா முயற்சிக்கிறேன், எனக்கு ஒரு தடவகூட வரல்லே.” என் சட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கீழே, ‘செல்லையா அண்ணன் தொட்டில் ஆட்டுவதைப் பார்க்க நான் வருவேன்’ என்று எழுதி ஒப்பமிட்டார். சாப்பிடாமல் விடமாட்டோம் என்று சாம்பாரும் அவியலுமாகச் சோறு போட்டார்கள்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை அச்சாபீஸ் கிடையாது, அன்று போனால் அவருக்குத் தொந்தரவிருக்காது. ‘யோ-யோ’ என்று கேட்காதீர்கள், சாலையில் புளிமண்டியிலிருந்து மூன்றாவது சந்து என்று கேளுங்கள். திரும்பும் பஸ் மூன்றரைக்கு. எல்லாச் செலவும் சேர்த்து நாற்பத்தைந்து சக்கரத்துக்குள் முடியும். இதையெல்லாம்விட முக்கியம், விரலில் கட்டிய நூலை இதைப் படித்த கையோடு அறுத்துவிடுங்கள். வெந்நீரில் இரண்டு வேளை கையை முக்கி, நல்லெண்ணெய் தேய்த்து, மெதுவாக நிமிர்த்தச் சொன்னார் கோமதி அம்மாள். எனக்கு மூன்று வாரத்தில் கொஞ்சம் குணம் தெரிகிறது. சட்டம் ரத்து. கிறிஸ்துமஸ் போட்டியில் ஜெயித்தது செல்லையா. நான் தள்ளியது தப்பு.

இதை அவர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பஸ் ஏழு மணிக்கு வந்ததும் நேரே வடசேரிக்குப் போனேன். செல்லையா மிஷினில் யாருக்கோ ஜிப்பா தைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், காகிதத்தைக் கொடுத்தேன். கத்துவார், கடையை விட்டுத் துரத்துவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் அந்த ஒரு வரியை மூன்று நான்கு தரம் படித்தார்.

“ஆடும்போது அவருக்கு அந்தக் கை வலிக்குமாவே?” என்றார்.

அந்த வீட்டில் நான் நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். தழும்பைப் பார்த்தேன், கதையைக் கேட்டேன், சாப்பிட்டேன், ஒப்பமும் வாங்கினேன். இதை மட்டும் கேட்கவில்லை.

“தெரியாது செல்லையா,” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டு வருசமா அவரு கையத்தானவே பாத்துட்டு இருந்தீரு?”